பிழை திருத்தி எழுதி வரவும்

நான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவள். இதைச் சொன்னால் புதிதாக அறிமுகமாகிறவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். எத்தனை வருடம் என்று கேட்பார்கள். இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை என்றதும் பழையபடி சாய்ந்துகொள்வார்கள். அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று யாராவது விடாமல் கேட்டால், "ஒரு பாலம்" என்பேன். அந்தப் பாலம் எப்படி வந்தது என்று இதுவரை வெளியாட்களிடம் சொன்னதில்லை. சொன்னால் மானம் போகும். இப்போது எழுபதைத் தாண்டியாகிவிட்டது. போனால் போகட்டும்.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியை. இந்த இருபத்தாறு வருடத்தில் என் கண்ணுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது, எங்கே பிழை இருக்கிறது என்பதுதான் தெரியும். பஸ்ஸின் பெயர்ப்பலகை, மளிகைக்கடைச் சீட்டு, கோயில் உண்டியல் எதுவும் தப்பாது. ஆசிரியர் போராட்டத்தில் பதினோரு நாள் ஜெயிலில் இருந்தபோது, அங்கே சுவரில் எழுதியிருந்த விதிமுறைகளில் ஏழு சந்திப்பிழைகளைக் கண்டுபிடித்து வார்டரம்மாவிடம் எழுதிக்கொடுத்தேன். (சீக்கிரம் விடுதலை செய்ததற்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.)

அந்த ஜெயில்தான் என்னை டெல்லிக்கு அனுப்பியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்கு, போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன, ஊழல் பெயர் இல்லாத ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் சொந்தமாக மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தார். கையில் கிரீஸோடு வந்து நின்றவரிடம், "ஏனுங்க, இந்தத் தடவை அம்மாவ நிறுத்தலாம்னு தலைமைல முடிவு பண்ணியிருக்கறாங்க" என்றார் ஒருவர்.

"நானும் இருபது வருசமாப் பாக்கறேனுங்க. இவங்கள நிறுத்த முடியல. உங்களால ஆனா நிறுத்திப் பாருங்க" என்றார் இவர்.

நின்றேன். பிரசாரத்தில் சோமனூர்ப் பக்கம் போனபோது எங்கள் கட்சிச் சுவரில் 'வாக்களிப்பீர்' என்பதை 'வாக்கழிப்பீர்' என்று எழுதியிருந்தார்கள். ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பெயிண்ட் வாங்கி நானே திருத்தினேன். எதிர்க்கட்சிச் சுவரிலும் அதே பிழை. அதையும் திருத்தினேன். எங்கள் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கதை ஊரெல்லாம் பரவி, "டீச்சரம்மா நேர்மையானவங்க" என்று பேராகி, ஜெயித்துவிட்டேன். அதனால் வியாதி குணமாகாமல் இன்னும் முற்றியது. பிழை திருத்துவதுதான் என் பெரிய யோக்கியதை என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஜெயித்த அடுத்த வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் குறைகேட்கும் கூட்டம் வைத்தோம். மேடையில் மேஜை, மைக், பக்கத்தில் காதர் பாய். காதர் பாய் எங்கள் பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எம்.பி. ஆனதும், "வீட்ல சும்மாதான் இருக்கேன் மேடம்" என்று உதவிக்கு வந்தார். மனுக்களை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, முக்கியமானதை மேலே வைத்து என்னிடம் தருவது அவர் வேலை.

வரிசை மண்டபத்து வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. நான் பொருள் என்று போட்டிருக்கும் வரியை மட்டும் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது சிவப்பு மைப் பேனா. எம்.பி. ஆனவர்கள் பச்சை மையில் எழுதலாமா நீல மையில் எழுதலாமா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கைப்பையில் இருந்ததை எடுத்து எழுதினேன்.

ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்து நின்றார். காக்கி அரைக்கால் சட்டைக்கு மேல் வேட்டி, தோளில் சாக்குத் தூசி. உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. அவருடைய மனுவைக் காதர் பாய் கட்டின் மேலே வைத்தார். நான் முதல் வரியைப் பார்த்தேன்.

'பொருள்: வெல்லம் வரும் காலங்களில் பாலம் வேண்டுதல்.'

வியாதி வேலை செய்தது. ளகரம் வரவேண்டிய இடத்தில் லகரம். எத்தனை பரீட்சைத் தாளில் பார்த்த பிழை! அதற்கென்றே வகுப்பில் நான் வைத்திருந்த ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. முன்னால் மைக் இருக்கிறது, அது வேலை செய்கிறது என்பதெல்லாம் மறந்துபோய், "ஏனுங்க, வெல்லம் வந்தா பாலம் எதுக்குங்க? ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்தாப் போதுமே!" என்றேன்.

மண்டபம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு நாற்பது பெண்கள் உட்கார்ந்த வகுப்பறை ஞாபகம் வந்தது. நன்றாக இருந்தது. அந்த மனிதரும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு அது என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

'வெல்லம்' மேல் சிவப்பில் ஒரு சுழி போட்டேன். கீழே, 'பிழை திருத்தி எழுதி வரவும்' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டாவது வரியைப் படிக்கவில்லை.

அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"சரிங்க டீச்சரம்மா. திருத்தி எழுதிட்டு வாரேனுங்க."

காதர் பாய் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது இந்தப் பாத்திர வேடிக்கையை நடித்தே காட்டினேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"அந்தாளு எதுக்குப் பாலம் கேட்டாராம்?" என்றார்.

"அதப் படிக்கலைங்க."

அவர் ரசத்தைக் கைகாட்டினார். எடுத்து ஊற்றினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கனத்த உறை வந்தது. காதர் பாய்தான் பிரித்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தவர், வழக்கம்போல வாசித்துச் சொல்லாமல் எழுந்து வந்து என் மேஜையில் வைத்தார்.

"இத நீங்களே பாருங்க மேடம்."

கோடு போட்ட நோட்டுத்தாள். இடதுபக்கம் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டிருந்தது. ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக, 'வெள்ளம், வெள்ளம், வெள்ளம்' என்று பத்து முறை. அடுத்து 'பள்ளம்' பத்து முறை. அடுத்து 'மகள்' பத்து முறை. நான் சுழித்தது ஒரு சொல்லைத்தான். மற்ற பிழைகளை அவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். எழுத்துகள் ஒவ்வொன்றும் கல்லில் கொத்தியது மாதிரி தாளின் பின்பக்கம் வரை அழுந்தியிருந்தன.

அதன் கீழே புது மனு. இந்த முறை கடைசிவரை படித்தேன்.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது, மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும், சென்ற ஐப்பசியில் என் மகள் சாந்தாமணி, வயது பத்தொன்பது, வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தரைப்பாலத்தில் வரும்போது வெள்ளத்தில் போய்விட்டாள், மறுநாள்தான் கிடைத்தாள், மற்றப் பிள்ளைகளும் அதே வழியில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள், இந்த ஐப்பசிக்கு முன்னால் பாலம் கட்டித் தரவேண்டும். இப்படிக்கு மாரப்பன். அதற்கும் கீழே ஒரு வரி: 'இன்னும் பிழை இருந்தால் மன்னிக்கவும்.'

மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். காதர் பாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அன்னிக்கே நீங்க இதப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சேன் மேடம். அதனாலதான் கட்டுல மேல வெச்சேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீங்க மைக்ல பேசிட்டீங்க. நானும் அப்புறம் வாயத் திறக்கல. என் மேலயும் தப்பு இருக்கு" என்றார்.

மறுநாளே கிளம்பினேன். கட்சி ஜீப் வேண்டாம் என்று வாடகைக்கு ஒரு அம்பாசடர் எடுத்தோம். என் வீட்டுக்காரர் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். நான்கு வாக்கியம். மூன்றாவதில் ஒரு வினையெச்சம் இடித்தது. அதை மாற்றினேன். (இந்த நிலைமையிலும்! என்ன ஜென்மமோ நான்.)

காரமடை தாண்டி மேற்கே திரும்பி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போன மண்பாதை அந்தப் பள்ளத்தில், அந்த ஓடையில், இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் ஆடுகள் படுத்திருந்தன. குறுக்கே, முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர்கூட இல்லாத ஒரு சிமெண்டுத் தரை. அவ்வளவுதான் தரைப்பாலம். இதில் எப்படி ஒரு பெண்ணை வெள்ளம் அடித்துக்கொண்டு போக முடியும் என்று தோன்றியது. மலையை நிமிர்ந்து பார்த்தேன். மேகம் மூடியிருந்தது.

மாரப்பன் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய், "வாங்க, வாங்க. சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பனுங்களே" என்று கயிற்றுக்கட்டிலை உதறிப் போட்டார். அவர் மனைவி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தை நேராகப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"அன்னிக்கு மண்டபத்துல நானும் இருந்தேனுங்க. பொம்பளைங்க வரிசைல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கட்டிவைத்திருந்த நான்கு வாக்கியமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தப்பு எம்மேலதானுங்களே" என்றார் மாரப்பன். குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். "வெல்லம்னு எழுதிப்போட்டேன். நான் அஞ்சாவது வரைக்குந்தானுங்க. இந்த ஊருக்கே மனு, விண்ணப்பம் எல்லாம் எழுதறது என்ற புள்ள சாந்தாமணிதானுங்க. அவ இருந்திருந்தா ஒரு புள்ளி தப்பியிருக்காதுங்க."

கைப்பையிலிருந்து அவருடைய புது மனுவை எடுத்து, "இத எப்பிடி எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் சாந்தாமணி, பத்தாம் வகுப்பு, தமிழ் என்று எழுதியிருந்தது.

"இதுல தேடுனேனுங்க. ஒரு கட்டுரை முச்சூடும் வெள்ளம் வெள்ளம்னுதான் இருந்துச்சுங்க. ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து எழுதுனேன். மண்டிக்குப் போயிட்டு வந்து உக்காந்து எழுத மூணு வாரமாயிருச்சு. அதான் லேட்டாயிப்போச்சுங்க."

"பத்துத் தடவ எழுதச் சொல்லி நான் சொல்லலையேங்க?"

"டீச்சரு திருத்தச் சொன்னாங்கன்னா பத்துத் தடவதானுங்களே? எங்க புள்ளைக்கெல்லாம் அப்பிடித்தானுங்க சொல்லுவாங்க."

நோட்டைப் புரட்டினேன். ஓரமெல்லாம் சிவப்பு மை. வேறு யாரோ ஒரு தமிழம்மா. பக்கத்துக்குப் பக்கம் 'நன்று', 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். சாந்தாமணியின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை. அதற்குமேல் பார்க்க முடியாமல் நோட்டை மூடிக்கொடுத்தேன்.

என் வீட்டுக்காரரைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால் பள்ளத்தில் இறங்கி, ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"அடியில தண்ணி போக ரெண்டு கண்ணு வெச்சுப் பாலம் கட்டுனாப் போதும். பெரிய வேலையில்ல" என்றார்.

பெரிய வேலையாகத்தான் இருந்தது. எம்.பி.க்கென்று இருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்யவேண்டிய பணிகளின் பட்டியலை, இடைப்பட்ட அந்த மூன்று வாரத்தில்தான் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"பட்டியல் நிறைஞ்சிருச்சுங்க மேடம். ஒண்ண எடுத்தாத்தான் இன்னொண்ணு சேர்க்க முடியும். எத எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கழிப்பறை, மருந்தகத்துக்கு ஒரு அறை. எதை எடுப்பது? ஏழாவதாக, நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு கலையரங்கம் இருந்தது. என் பெயரைப் போட்டுத் திறப்பு விழாக் கல்வெட்டுக்கு வாசகம்கூடத் தயாராகிவிட்டது. (நானே மூன்று முறை பிழை பார்த்திருந்தேன்.) காதர் பாயிடம் பேனா வாங்கி அதை அடித்தேன். எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு மதிப்பீடு, அனுமதி, டெண்டர் என்று காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்தது. நானும் மேஜை மேஜையாகப் போய் நின்றேன். டெல்லியில் அரசாங்கம் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஆட்டமெல்லாம் மண்டையில் ஏறவில்லை. சபை கலைவதற்குள் அனுமதி ஆணை வரவேண்டும் என்பது ஒன்றுதான் யோசனை. ஆணை வந்தது. கார்த்திகையில் சபை கலைந்தது.

ஆனால் அந்த ஐப்பசிக்குப் பாலம் வரவில்லை. கொஞ்சம் முந்தியிருந்தால் முடிந்திருக்குமா என்று பொறியாளரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "மூணு வாரம் முந்தி வந்திருந்தா, மழைக்கு முன்னாலயே அடிவேலை முடிச்சிருக்கலாங்க" என்றார். அவருக்கு அந்த மூன்று வாரத்தின் கதை தெரியாது.

அந்த மழைக்காலம் முழுவதும் மாரப்பன் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்து, இரண்டு கரையிலும் மரத்தில் வடக்கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கடத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தண்ணீர் அதற்குமேல் ஏறினால் யாரையும் இறங்கவிடமாட்டாராம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று செய்தி வரும்வரை, கணபதியில் இரண்டு தூறல் விழுந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த தேர்தலில் தோற்றேன். அந்த ஊர் வாக்குச்சாவடியிலேயே எனக்கு இரண்டாவது இடம்தான். மாரப்பன் ஒளிக்கவில்லை. "எங்க மண்டி மொதலாளி அந்தக் கட்சிங்க. நாங்க வாக்குக் குடுத்துப்போட்டோம். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

பாலம் அடுத்த மழைக்கு முன்னால் முடிந்தது. புது எம்.பி. வந்து திறந்துவைத்தார். நானும் வீட்டுக்காரரும் கூட்டத்தோடு நின்றோம். ரிப்பன் வெட்டியதும் மாரப்பனும் அவர் மனைவியும் முதலில் நடந்தார்கள். நடுப்பாலத்தில் அந்த அம்மா நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அன்றும் அவர் என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த வருடம் எங்கள் மகனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அச்சடிக்கும்போது எனக்குப் புரூஃப் காட்டுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். "நீ பாத்தீன்னா, பேரன் பொறந்ததுக்கு அப்புறந்தான் பத்திரிகை வரும்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் ஒதுங்கிக்கொண்டேன். அச்சாகி வந்த ஐந்நூறு அழைப்பிதழிலும் கடைசி வரி இப்படி இருந்தது: 'தங்கள் வறுகையை எதிர்நோக்கும்.'

வருகை அல்ல, வறுகை. பார்த்ததும் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்குச் சபதம் செய்துகொண்டேன். அந்த ஐந்நூறையும் புன்னகையோடு நானே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழாசிரியைகள், புலவர்கள், தமிழ்ச்சங்கத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பயமோ என்னவோ.

கல்யாணத்தன்று மாரப்பன் தம்பதி ஒரு கூடை காரட்டோடும் பீன்ஸோடும் வந்தார்கள். மாரப்பன் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏனுங்க டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. இதுல 'வறுகை'ன்னு அச்சாகிப்போச்சுங்க. அடுப்புல போட்டு வறுக்கறதுக்குக் கூப்புட்டிருக்கறாங்களோன்னு என்ற ஊட்டுக்காரி வரவே யோசிச்சாளுங்க."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மோர் கொடுத்த நாளிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசாதவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சமையல்கட்டில் நின்று அழுகிறாள் என்று சம்பந்தி வீட்டில் ஒரே கலவரம்.

என் வீட்டுக்காரர் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்வதில்லை. போனைப் போட்டு, "ஞாயித்துக்கிழம வறுபட வாரோம், எண்ணெயக் காய வெச்சிருங்க" என்கிறார்கள். மாரப்பனின் மனைவி மட்டும் போன் செய்வதில்லை. நேரே வந்து வாசலில் நின்று, "ஏனுங்க, சட்டி சூடாயிருச்சுங்களா?" என்பார்.